குதிரைத்தலையன் வீட்டுக் கல்யாணம்

சுடலைமுத்து காணாமல் போனதற்குக் காரணம் ஒரு முட்டை. ஒரே ஒரு முட்டை, ஒரு பாக்கெட் பால், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன! நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் என் வேலை.

பிலிப்பைன்ஸ் நாட்டில் தாவாவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் டாக்டருக்குப் படிக்க அங்கே போகிறார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து போனவர்கள் சுடலைமுத்துவும் அவன் தங்கை இசக்கியும். அண்ணன்காரன் நுழைவுத் தேர்வில் ஒரு தடவை கோட்டை விட்டதால், இரண்டு பேரும் ஒரே வகுப்பில் வந்து விழுந்தார்கள். வரும்போது அம்மா இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் வயிற்றைத் தவிர வேறு எதையும் நினைக்காதவன், நீதான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர்கள் கூட்டாளி நாகர்கோவில் பெவின். இவனுக்குப் பைத்தியம் வேறு மாதிரி. உலகத்தில் எந்த மூலையில் எந்த விசித்திரப் பிராணி இருப்பதாகச் சொன்னாலும் அத்தனையும் அத்துப்படி! மலையடிவாரத்துக்குப் போகும் வண்டியில் ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. ஸ்காட்லாந்து ஏரியில் குதிரை வடிவத்தில் வந்து ஆளை முதுகில் ஏற்றித் தண்ணீருக்குள் இழுக்கும் பூதம், தலையில் குழி வைத்து அதில் தண்ணீர் சுமக்கும் ஜப்பான் ஆற்றுக்குட்டி, வழிப்போக்கரைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்க்கும் ரஷ்யக் காட்டுக்கிழவன், நம் ஊர்க் கோயில் தூணில் நிற்கும் யாளி என்று வரிசையாக அவிழ்த்துவிட்டான்.

எல்லாம் எதற்கு? அன்றைக்கு அவர்கள் ஏறப்போகும் மலையிலும் ஒன்று இருக்கிறதாம். பெயர் திக்பலாங். குதிரைத் தலை, மனுஷ உடம்பு, பனைமர உயரம். அதன் பிடரியில் தங்க முடி மூன்று உண்டு. அதை யார் பிடுங்குகிறார்களோ, அவர்களுக்குக் காலமெல்லாம் அது அடிமை. பெவின் அந்த முடிக்காகத்தான் மலை ஏற வந்தான். மற்றவர்கள் அருவி பார்க்க வந்தார்கள்.

வழிகாட்டியாக வந்தவள் வகுப்புத் தோழி மாரிசெல். அந்த மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நம் பிள்ளைகள் வாயில் அவள் பெயர் என்றைக்கோ மாரி ஆகிவிட்டது. காட்டுக்குள் கால் வைக்கும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். புதர், மேடு எதைத் தாண்டினாலும் "தபி தபி போ" என்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். ஒதுங்கிக்கோங்க ஐயா, நாங்க போறோம் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாதவர்களை மிதித்துவிடக் கூடாதே!

சுடலைமுத்து எங்கே கேட்டான்? அவன் மனசெல்லாம் வரப்போகும் பரீட்சை முடிவில் இருந்தது. போதாக்குறைக்கு, பாதையோரத்தில் பெரிய மரத்தடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு புற்று! ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்த பிள்ளைக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது போல ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றினான். அடிவாரக் கடையில் காலைச் சாப்பாட்டுக்கென்று வாங்கிய முட்டையும் பாலும் பையில் இருந்தன. புற்றின் உச்சித் துவாரத்தில் பாலை ஊற்றினான், முட்டையை உடைத்து விட்டான், சமையலுக்குக் கொண்டு வந்த மஞ்சளைத் தூவினான். உயிர்வேதியியலில் பாஸ் போட்டுக் கொடு தாயே என்று கண்ணை மூடிக் கும்பிட்டான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மாரிசெல் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

அதே நேரம் பளீரென்று வெயில் அடிக்க, சடசடவென்று மழையும் பிடித்துக்கொண்டது. இசக்கி முகத்தை மேலே தூக்கிச் சிரித்தாள். எங்கள் ஊரில் இதைக் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்பார்கள் என்று மாரிசெல்லிடம் சொன்னாள். மாரிசெல் முகத்தில் ஈயாடவில்லை. இங்கே அது திக்பலாங்குக்குக் கல்யாணம் என்றாள்.

இரண்டு பேரும் புற்றுப் பக்கம் திரும்பினார்கள். செருப்பு இருந்தது. சுடலைமுத்து இல்லை!

கூப்பிட்டுப் பார்த்தார்கள். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்கள். பெவின் மரத்தின் மேலேகூட ஏறிப் பார்த்துவிட்டான். ஆளைக் காணோம். அப்போதுதான் புற்றுக்குள்ளிருந்து யாரோ தும்மினார்கள்.

மண்ணைத் தள்ளிக்கொண்டு முழங்கை உயரக் கிழவர் ஒருவர் மேலே ஏறி வந்தார். தலைத் தொப்பியில் முட்டை வழிகிறது. தாடி முழுக்கப் பால். மூக்கு நுனியில் மஞ்சள். பெவினுக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. நூனோ, மேட்டுக்குள் குடியிருக்கும் கிழவர், நான் படித்திருக்கிறேன் என்று இசக்கியின் தோளைப் போட்டு உலுக்கினான். மாரிசெல் அவன் வாயைப் பொத்தினாள்.

கிழவர் என்ன மொழியில் பேசினார் என்று என்னைக் கேட்காதீர்கள். திட்டு எல்லாருக்கும் புரிந்தது, அவ்வளவுதான். முந்தாநாள்தான் கூரையைச் சரி செய்தாராம். நடுக்கூடத்தில் படுத்திருந்தவர் மூஞ்சியில் பாலை ஊற்றி முட்டையை உடைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்த நேரம் பார்த்துக் கல்யாண ஊர்வலம் இந்தப் பக்கமாக வந்திருக்கிறது. பந்திக்கு ஆள் குறைகிறது என்றார்களாம். இந்தா பிடி என்று பையனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இசக்கி, அழுதால் வேலைக்கு ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். துப்பட்டாவைக் கழற்றி மழைநீரில் நனைத்து, கிழவரின் தொப்பியை முதலில் துடைத்தாள். பிறகு புற்றின் உச்சியைத் துடைத்து, இடிந்த வாயில் ஈரமண் வைத்துப் பூசினாள். பூசிக்கொண்டே சொன்னாள்.

"தாத்தா, அவன் உங்கள அசிங்கப்படுத்தல. எங்க ஊர்ல ரொம்ப மரியாதைப்பட்டவங்களுக்குத்தான் தலையில பால் ஊத்துவோம். சாமிக்கே அப்படித்தான் செய்வோம்."

கிழவர் தாடியைப் பிழிந்தார். யோசித்தார்.

"உங்க சாமிங்க ரொம்பப் பொறுமைசாலிங்க," என்றார்.

கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் கொடுத்த ஆளைத் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை கிடையாதாம். வழியை மட்டும் சொன்னார். மூங்கில் புதரைத் தாண்டி, ஓடைக்கு மேலே மேட்டின் உச்சியில்தான் பந்தலாம். இந்த வெயில்மழை பெய்கிற வரைக்கும்தான் கல்யாணம். மழை நின்றால் அவர்கள் உலகத்து வாசல் மூடிவிடும். அங்கே ஒரு பருக்கை தின்றவன் அங்கேதான் இருப்பான். சாப்பாடு வேண்டாம் என்று இலையைத் தள்ளியவனும் அங்கேதான் இருப்பான், ஏனென்றால் விருந்தைத் தள்ளினால் அவர்களுக்குக் கெட்ட கோபம் வரும். உன் அண்ணன் தின்னவும் கூடாது, வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. கிழவர் இதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுடலைமுத்து சாப்பாட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாவது! இசக்கி ஓடினாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

ஏறினார்கள், ஏறினார்கள், மூச்சு இரைக்க ஏறினார்கள். மூங்கில் புதரைத் தாண்டி எட்டிப் பார்த்தால், அதே புற்று, அதே செருப்பு! வேறு பாதையில் போனார்கள். மறுபடியும் அதே புற்று. திக்பலாங் வழியைச் சுற்றிவிடும் என்று பெவினுக்குத் தெரியும். அதற்கு மருந்து என்னவென்று மாரிசெல்லுக்குத் தெரியும். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போட வேண்டும். ஆளுக்கொரு மரத்தின் பின்னால் போய்த் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெவினின் பனியனில் கழுத்துச் சீட்டு தாடைக்குக் கீழே ஆடியது. வேறொரு நாளாக இருந்தால் இசக்கி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இந்தத் தடவை பாதை நேராகப் போனது. வேர்களைப் பிடித்துத் தொங்கி ஏறினார்கள். ஓடை ஒன்று குறுக்கே பாய்ந்தது, கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். தபி தபி போ, தபி தபி போ என்று மூன்று பேர் வாயும் ஓயவில்லை. நடுவில் பெவின் பையைத் திறந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினான். இந்த மாதிரி ஆட்களுக்கு உப்பு என்றால் ஆகாது, இதை வீசினால் சிதறி ஓடுவார்கள் என்றான். மாரிசெல் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர்களால் உப்பைத் தொட முடியாது என்பது உண்மைதான், அவர்கள் சமையலிலும் உப்பு கிடையாது. ஆனால் கல்யாண வீட்டில் கல் எறிந்தவர்களை யார் வெளியே விடுவார்கள்? பெவின் பாக்கெட்டைப் பைக்குள் வைத்தான்.

மேட்டின் மேல் தலையை நீட்டினார்கள். அடேயப்பா!

மூங்கில் கழிகளை வளைத்துக் கட்டிய பந்தல். வெயில் அதற்குள் புகுந்து ஒவ்வொரு மழைத்துளியிலும் மின்னுகிறது. பந்தலுக்குள் குதிரைத் தலைகள்! கறுப்பு, பழுப்பு, வெள்ளை. பிடரியில் பூச்சரம். சம்மணம் போட்டு உட்கார முடியாத அளவுக்கு நெட்டைக் கால்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு மேலே நிற்கிறது. நீளமாக வாழை இலை விரித்து, அதன் மேல் ஆவி பறக்கக் கறுப்புச் சோறு. வாசலில் நின்ற குதிரைத்தலைப் பெண்கள் இவர்கள் மேல் பூந்தண்ணீர் தெளித்து, வாங்க வாங்க என்று உள்ளே தள்ளினார்கள்.

பந்தியின் நடுவில் உட்கார்ந்திருந்தான் சுடலைமுத்து. முன்னால் சோற்று மலை. கண் சோற்றின் மேலேயே இருக்கிறது. வாயில் ஊறுவது இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் கை இலைக்குப் போகவில்லை! பக்கத்து இடத்தில் தன் துண்டை விரித்துப் போட்டு, அதன் மேல் ஒரு கையை ஊன்றியிருந்தான். குதிரைத்தலைக் கிழவன் ஒருவன் அங்கே உட்காரப் பார்த்தான். சுடலைமுத்து அவனை முறைத்து விரட்டினான்.

இசக்கி ஓடிப்போய் முன்னால் நின்றாள். அண்ணே, நான் வந்துட்டேன் என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். யாரோ தெரியாதவரைப் பார்க்கிற பார்வை.

"இங்க ஆள் வருது. வேற எடம் பாருங்க."

"யாரு வரா?"

அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"தெரியல," என்றான். "ஆனா வருவா."

சட்டையைத் திருப்பிப் போடாமல் அந்தப் பந்தலுக்குள் நுழைந்தவனுக்குப் பேர் மறந்திருந்தது. ஊர் மறந்திருந்தது. தங்கச்சி முகம் மறந்திருந்தது. பக்கத்தில் ஒருத்திக்கு இடம் போட வேண்டும், அவள் வராமல் சாப்பிடக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. வயிற்றைத் தவிர எதையும் நினைக்காதவன் என்று யார் சொன்னது? இசக்கிக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

அங்கேதான் தப்புச் செய்துவிட்டாள்! இடம் நிறைந்ததும் சுடலைமுத்துவின் முகம் தெளிந்தது. காத்திருந்தது முடிந்தது அல்லவா? சட்டையின் கையை மடித்தான். சோற்றைப் பிசைந்தான். ஓர் உருண்டை உருட்டி வாய்க்குக் கொண்டு போனான்.

இசக்கி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பந்தியே திரும்பிப் பார்த்தது. சேணம் போல அகலமான முகத்தோடு மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார். எங்கள் சோறு உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டார். அவர் மூக்கிலிருந்து வந்த மூச்சில் இலை படபடத்தது. பெவின் பைக்குள் கையை விட்டான். மாரிசெல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சாப்பிடவும் கூடாது. இசக்கி இலையைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். எத்தனை கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பாள்! எத்தனை மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டு எழுந்ததைப் பார்த்திருப்பாள்! நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளைக்குச் சித்தி மாதிரிக் குரலை உயர்த்தினாள்.

"சாப்பிட மாட்டோம்னு யாரு சொன்னா? எங்க ஊர்ல இலையில மொதல்ல உப்பு விழணும். உப்பு வைக்காத இலையில விருந்தாளி கை வைக்கக் கூடாது. நீங்க உப்ப வைங்க, நாங்க சாப்பிடுறோம்."

மாப்பிள்ளையின் அப்பா பரிமாறுகிறவர்களைப் பார்த்தார். பரிமாறுகிறவர்கள் தரையைப் பார்த்தார்கள். உப்புக்கு எங்கே போவார்கள் பாவம்!

வெளியூர் விருந்தாளியை உட்கார வைத்தீர்களே, அவர்கள் வழக்கம் என்னவென்று கேட்டீர்களா என்று பெண்ணுடைய தாய்மாமன் எழுந்தார். கூட்டி வந்தது உங்கள் ஆள்தானே என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சீறினார். பந்திப் பொறுப்பு யாருடையது என்று ஓர் அத்தை கேட்டாள். ஊர்வலத்துக்கு மத்தளம் சரியில்லை என்ற பழைய புகாரை இன்னோர் அத்தை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான்! கனைப்பும் உதைப்புமாகப் பந்தல் ரெண்டுபட்டது. கல்யாணம் என்றால் எல்லா இடத்திலும் கல்யாணம்தான் போலிருக்கிறது. இத்தனை அமளியிலும் இசக்கி அண்ணனின் மணிக்கட்டை விடவில்லை. பந்தல் ஓரத்தில் மழை சன்னமாகிக்கொண்டே வந்தது. மாரிசெல் வானத்தையும் இசக்கியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

கடைசியில் மாப்பிள்ளையே மணையிலிருந்து எழுந்து வந்தார். கரிய நிறம், நெஞ்சு வரை மாலை. சுடலைமுத்து கையில் இருந்த உருண்டையைத் தானே வாங்கி இலையில் வைத்தார்.

"பசியோட வந்தவங்களப் பசியோட எழுப்புறோம். தப்பு எங்க மேலதான். இத ஊர் பேசுறதுக்கு முன்னால நானே கொண்டு போய் விட்டுட்டு வந்துடறேன்."

மண்டியிட்டு முதுகைக் காட்டினார். இசக்கி அண்ணனை முன்னால் ஏற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், பின்னால் மாரிசெல். பெவின் எல்லோருக்கும் முன்னால், கழுத்துக்குப் பக்கத்தில்.

பாய்ந்தாரே பாருங்கள் ஒரு பாய்ச்சல்! மரத்து உச்சியெல்லாம் காலுக்குக் கீழே! அருவி ஒன்று வெள்ளைக் கோடாகப் பக்கத்தில் ஓடி மறைந்தது. காற்று காதைப் பிய்த்தது. பாறைக்குப் பாறை, முகட்டுக்கு முகடு! மாரிசெல் அத்தனை சாமியையும் கூப்பிட்டாள். மேகத்தின் விளிம்பு அவர்களைத் துரத்திக்கொண்டு வந்தது. அது முந்திவிட்டால் மழை தீர்ந்தது, வாசல் அடைத்தது.

பெவினின் மூக்குக்கு நேராகப் பிடரி பறந்தது. அதில் தகதகவென்று மூன்று தங்க முடி! கை எட்டுகிற தூரம்கூட இல்லை, விரல் எட்டுகிற தூரம். பிடுங்கினால் உலகத்தில் எவனிடமும் இல்லாத பொக்கிஷம் அவனுடையது. அவன் கை மெல்ல மேலே போனது. இசக்கி பார்த்துவிட்டாள்.

"ஏல, இன்னைக்குத்தாம்ல அவருக்குக் கல்யாணம்."

பெவின் கை அப்படியே நின்றது. அந்தப் பெரிய கழுத்து விறைத்து நடுங்கியதை அவன் தொடையில் உணர்ந்தான். மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உதறித் தள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கிறார். பெவின் முடியை விட்டுவிட்டு மாலையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அவர் ஓடிய ஓட்டம் முன்னால் ஓடியதைவிட இரண்டு மடங்கு.

தார்ச்சாலையில் அவர்களை இறக்கிவிட்டார். கடைசித் துளி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் வெயில். பெவின் கையில் இரண்டு பூ இருந்தது.

வென்றுவிட்டோம் என்று பெவின் குதித்தான். மாரிசெல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இசக்கி மட்டும் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க யாரு?"

இசக்கி தன் பேரைச் சொன்னாள். அம்மா பேரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், சின்ன வயசில் அவன் கிணற்றில் விழுந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தான், ஒன்றும் ஒட்டவில்லை. ஆள் வந்துவிட்டான், அண்ணன் வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வாள்?

உப்பு, உப்பு என்று மாரிசெல் கத்தினாள். அவர்கள் மயக்கத்துக்கு அவர்களால் தொட முடியாததுதானே மருந்து! பெவின் ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு பெரிய துண்டு எலுமிச்சையை எடுத்துச் சுடலைமுத்துவின் வாயில் திணித்தான்.

அவன் முகம் எட்டுக் கோணலாகியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டையைச் செருமினான். சுற்றும் முற்றும் பார்த்தான். தன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றது அவன் பார்வை. உடனே கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, எங்க போயித் தொலைஞ்ச நீ? ஒனக்கு எடம் போட்டு வச்சுக்கிட்டு எத்தன பேருகூட மல்லுக்கட்டுனேன் தெரியுமா?"

"வந்துட்டேன்ணே," என்றாள் இசக்கி.

ஊர்வலம் போல மாரிசெல் வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் பெவின் மற்றவர்களுக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பூவைக் காட்டினான். நம்பியவர்கள் பூவைத் தொட்டுக் கும்பிட்டார்கள், நம்பாதவர்கள் இவர்கள் ஏன் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

மாரிசெல்லின் அம்மா சோறும் வறுத்த மீனும் கொண்டு வந்து வைத்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த சுடலைமுத்துவின் கை தன்னால் தட்டுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். எழுந்து நின்று, உங்கள் வீட்டில் முதலில் என்ன செய்ய வேண்டும், எது மரியாதை, எது தப்பு, சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன் என்று பணிவாகக் கேட்டான்.

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பசிச்சா சாப்பிடணும்," என்றார். "உட்காரு."

உட்கார்ந்தான். இசக்கி தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.